டாட் பீங்கானின் ஒரே உரிமையாளர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் விமல்ராஜ் பட்டறை எங்கே என்று கேட்டால் உடனே வழி சொல்ல மாட்டார்கள். "யாரு, நெட்டு விமல்ராஜா?" என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையை நீட்டுவார்கள். இத்தனைக்கும் அவர் செய்வது பீங்கான் அகல் விளக்கும் ஃப்யூஸ் கட்டையும்தான். வயது நாற்பத்தாறு. படிப்பு பத்தாம் வகுப்பு. களிமண் கூழை அச்சில் ஊற்றி எத்தனையாவது நிமிடத்தில் கவிழ்க்க வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்க்காமல் சொல்லுவார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தையும் பார்ப்பார்.

ஈரத்தில் ஊற்றிய விளக்கு காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கியிருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வருடம் ஸ்கேலும் நோட்டுமாக அலைந்து அவரே கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு, அது எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பதையும் கண்டுபிடித்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை. மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், தான் அளந்து தெரிந்துகொண்டவன் என்பார்.

நெட்டு என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காயம் காரணம். ஆறு வருடங்களுக்கு முன்னால் கடலூரில் ஒருவரைப் பிடித்து, பட்டறை பெயரில் ஒரு டாட் காம் முகவரி வாங்கி, நான்கு படம் போட்டு ஒரு வெப்சைட் வைத்தார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்ற நினைவூட்டல், யாருமே திறந்து பார்க்காத ஒரு ஈமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார்.

"என்னாங்க விமல்ராஜ், பீங்கான விட்டுட்டு சீட்டாட்டத்துல எறங்கிட்டீங்களா?"

போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் ரம்மி விளையாடக் கூப்பிடும் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் கைமாறிவிட்டது. நாம் வைத்த பெயருக்கு நாமே வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும், ஒரு வருடம் மறந்தால் வேறொருவன் வந்து குடியேறுவான் என்பதை விமல்ராஜால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் மனைவி சந்திரலேகா கம்மாபுரத்துப் பக்கம். அவள் அப்பாவின் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுப்பதற்காக மூன்று தடவை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கையில் இருப்பது நம்முடையதுதானா என்று தெரியாமல் இருப்பது எப்படி என்று அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால்தான் போன வருடம் அந்த வீடியோவைப் பார்த்தபோது விமல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் உங்களுடையது. எந்தக் கம்பெனியும் பிடுங்க முடியாது, எந்த அரசாங்கமும் கையகப்படுத்த முடியாது. பெயரின் கடைசியில் டாட் காம், டாட் இன் என்று அடுத்தவன் வாலைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, வாலையே வாங்கலாம். தமிழிலும் கிடைக்கும். விமல்ராஜ் வீடியோவை மூன்று முறை பார்த்துக் குறிப்பெடுத்தார். பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் டாட் பீங்கான் அவருடையதானது.

"லேகா, இனிமே உலகத்துல எவன் டாட் பீங்கான்னு பேரு வைக்கணும்னாலும் நம்மளத்தான் கேக்கணும்."

"யாருனா கேட்டாங்களா?"

"இப்பத்தான வாங்கியிருக்குது."

"பத்திரம் குடுத்தாங்களா?"

"பத்திரம் கிடையாது. இருபத்தி நாலு இங்கிலீஷ் வார்த்தை குடுத்துருக்காங்க. அத வரிசை மாறாம வச்சிருந்தா சொத்து நம்மளது."

சந்திரலேகா அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஆமை, ஏணி, மழை என்பது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகள். வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவளுக்குத் தெரிந்து, பூட்ட வேண்டியதைப் பூட்டிவிட்டால் புருஷன் கொஞ்ச நாள் அமைதியாக இருப்பார்.

அமைதி இரண்டு நாள் நீடித்தது. விமல்.பீங்கான் என்று ஒரு பக்கம் தயாரித்து, மூன்று விளக்குப் படமும் போன் நம்பரும் போட்டு, முகவரியைப் போனில் அடித்தார். திறக்கவில்லை. அந்த வீடியோவுக்கு இரண்டாம் பாகம் இருந்தது. முதல் பாகத்தில் சொல்ல மறந்ததை அதில் சொல்லியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். நாம் ஒரு பெயரை அடித்தால் போன் நேராக அங்கே போய்விடாது. அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலில் ஒரு முகவரிப் புத்தகத்தைக் கேட்கும். சாதாரணமாக அது சிம் கம்பெனிக்காரன் காட்டும் புத்தகம். அதில் டாட் பீங்கான் கிடையாது. டாட் பீங்கான் இருக்கிற வேறொரு புத்தகத்தைக் கேள் என்று போனுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பிரைவேட் டிஎன்எஸ். அப்படிக் கேட்கும் கேள்வி உறை போட்டு ஒட்டிய கடிதம் மாதிரிப் போகும், நடுவில் இருக்கும் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பது கூடுதல் மரியாதை.

செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் போய், பிரைவேட் டிஎன்எஸ் என்பதைத் தொட்டு, அங்கே கேட்கும் பெட்டியில் புது சர்வரின் பெயரை அடிக்க வேண்டும். இருபத்திரண்டு எழுத்து. விமல்ராஜ் முதல் தடவை ஒரு புள்ளியை விட்டார். இரண்டாம் தடவை ஒரு புள்ளியைக் கூட்டினார். மூன்றாம் தடவை போன் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முகவரியை அடித்தால் அந்தப் பெயரில் ஏதாவது செய்தி இருக்கிறதா என்று கூகுளில் தேடப் போய்விட்டது. கடைசியில் ஒரு சாய்வுக் கோடு போட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. விமல்.பீங்கான், அதன் பிறகு ஒரு சாய்வுக் கோடு. திறந்தது. மூன்று விளக்கும் வரிசையாக வந்தன. மேலே, இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல என்று ஒரு வரி.

சந்திரலேகா எட்டிப் பார்த்தாள். "வழியெல்லாம் பூட்டு போட்டிருக்குதுன்னீங்க. வூடு தொறந்து கெடக்குதுன்னு போன் சொல்லுதே?"

"அது வேற. அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு வேணும். டாட் பீங்கானுக்கு எவனும் தர மாட்டேங்குறான்."

"ஏன் தரல?"

"அவங்களுக்கு இப்புடி ஒண்ணு இருக்குறதே தெரியாது."

இந்தப் பதிலில் வேறொருவர் மனம் தளர்ந்திருப்பார். விமல்ராஜ் இதைத் தெரியாதவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய வேலை என்று எடுத்துக்கொண்டார். சந்திரலேகாவின் போனில் ஆரம்பித்தார். பிறகு அச்சு ஊற்றும் ஆறு பெண்கள். பிறகு பக்கத்துப் பட்டறைகள், பெட்டி ஏற்றும் டெம்போ டிரைவர்கள், தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ராஜாம்பாள். ஒவ்வொரு கம்பெனிப் போனிலும் அந்த மெனு ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும். எந்தப் போனில் எங்கே என்று நோட்டில் கோடு போட்டு எழுதினார். பெயர், போன் மாடல், தேதி, சோதித்துப் பார்த்ததற்கு ஒரு டிக். சூளைக்குள் போகும் சரக்குக்குக்கூட இவ்வளவு சுத்தமான பதிவேடு அந்தப் பேட்டையில் யாரும் வைத்ததில்லை.

ராஜாம்பாள், "போட்டுட்டுப் போ தம்பி, பால் பொங்குது" என்று போனை நீட்டினாள். ஒரு டெம்போ டிரைவர், நாம் எந்த சைட்டுக்குப் போகிறோம் என்பது வெளியே தெரியாதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் உடனே சம்மதித்தார். எதிர்த்துப் பேசியது பக்கத்துப் பட்டறை கோவிந்தசாமி மட்டும்தான். நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கரும்பை விட்டுவிட்டு இன்சுலேட்டர் செய்ய வந்து இருபது வருடம் ஆகிறது.

"ஏம்பா விமலு, இத போட்டா என்னா தெரியும்?"

"என் சைட்டு தெரியும்ணே."

"நீயே எதுருல நிக்கிற. ஒன்ன பாக்குறதுக்கு போன்ல ஒரு வித்தை பண்ணணுமா?"

"எனக்கு இல்லண்ணே. உலகம் பாக்கும்."

"உலகத்துக்கு யாரு இந்த வித்தைய பண்ணி வுடுறது? நீ நோட்டத் தூக்கிக்கினு வூடு வூடா போவியா?"

விமல்ராஜ் யோசித்தார். "உங்களுக்கும் ஒரு பேரு தரேன்ணே. கோவிந்தசாமி டாட் பீங்கான். ஃப்ரீ."

"ரோடு இல்லாத பிளாட்டு. ஃப்ரீயா குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதான்" என்று கோவிந்தசாமி போனைக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவர் டிராக்டர் வீடியோ பார்த்தபோது பாதி விளம்பரங்களைக் காணவில்லை. அந்த சர்வர் விளம்பரங்களையும் வடிகட்டும். மறுநாள் அவரே தன் மச்சான் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "இதுக்கும் அந்த மருந்த போட்டு வுடு."

ஐப்பசி முடியும்போது நோட்டில் அறுபத்து மூன்று போன் ஏறியிருந்தது.

"அறுபத்து மூணா? நாயன்மாரு கணக்கா இருக்குதே" என்றார் கோவிந்தசாமி. "அதுக்கு மேல ஏத்தாத. நல்லா இருக்காது."

அந்தச் சமயத்தில்தான் ஆதிலட்சுமியின் ஆர்டர் வந்தது. பாண்டிச்சேரியில் பரிசுப் பொருள் கடை வைத்திருப்பவர். கார்த்திகைக்கு ஒரு ஹோட்டல், தங்கும் விருந்தாளிகளுக்குக் கொடுக்க நாலாயிரம் பீங்கான் விளக்கு கேட்டிருந்தது. ஆதிலட்சுமி மாதிரிக்கு ஒரு விளக்கை வாங்கிப் பார்த்து, நகத்தால் சுண்டி, சத்தம் பிடித்துப்போய் ஆர்டரை விமல்ராஜிடம் கொடுத்தார். அந்த வருடம் ஃப்யூஸ் கட்டைக்குக் கேட்பாரில்லை. இந்த நாலாயிரம் போனால் அச்சு ஊற்றும் ஆறு பெண்களையும் பொங்கல் வரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். சந்திரலேகா இதைப் புருஷனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதில் அன்புக்கரசி என்ற பெண்ணுக்கு வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாத்தியம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

பேட்டையில் சிறிய பட்டறைகளுக்கெல்லாம் ஒரே பொதுச் சூளை. ஒரே சூளை வண்டியில் நான்கு பேர் சரக்கு அடுக்கிப் போகும். வெந்து வெளியே வந்தால் எல்லா விளக்கும் ஒரே மாதிரி இருக்கும். சண்டை வராமல் இருக்க ஒவ்வொருவரும் அடிப்பக்கத்தில், சூளைக்குப் போகும் முன்பே, ஆக்சைடு மையில் ஓர் அடையாளம் வைப்பார்கள். கோவிந்தசாமிக்கு ஒரு வட்டம். இன்னொருவருக்கு இரண்டு கோடு. விமல்ராஜுக்கு 'வி' என்று ஓர் எழுத்து. சூளையின் சூட்டில் அது பீங்கானோடு ஒன்றாகிவிடும். சுரண்டினாலும் போகாது.

அந்த ஒற்றை எழுத்து இனிப் போதாது என்று விமல்ராஜுக்குத் தோன்றியது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து தங்கும் ஹோட்டல். நாலாயிரம் விளக்கு நாலாயிரம் ஊருக்குப் போகும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரப்பர் ஸ்டாம்பு செய்பவரிடம் போய், வேகும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்குவதையும் சேர்த்து, முப்பத்தைந்தேகால் மில்லிமீட்டர் நீளத்துக்கு முழு முகவரியையும் செய்து வாங்கினார். விமல்.பீங்கான், சாய்வுக் கோடு உட்பட.

"வாங்குறவங்க கேட்டாங்களா?" என்றாள் சந்திரலேகா.

"கேக்கல. பாத்தா சந்தோஷப்படுவாங்க."

"கேட்டுட்டு குத்துங்க."

"நாளைக்கு வண்டி உள்ள போவுது. கேட்டுக்கினு நின்னா கோவிந்தசாமி அண்ணன் எடத்த புடிச்சுருவாரு."

நாலாயிரம் விளக்கின் அடியிலும் அவரே குத்தினார். வேறு யாரையும் விடவில்லை, கோணலாகக் குத்துவார்கள் என்று பயம். வெந்து வந்தபோது முகவரி சரியாக முப்பத்தோரு மில்லிமீட்டர், பழுப்பு நிறம், ஓர் எழுத்தும் மங்கவில்லை. படம் எடுத்து ஆதிலட்சுமிக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "விமல் சார், விளக்கு ரொம்ப நல்லாருக்கு. அடியில என்ன சார் எழுதியிருக்கு?"

"எங்க வெப்சைட்டுங்க மேடம்."

"அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரலையே."

"ஒரு சின்ன செட்டிங் மேடம்." ஒன்பது வரியில் எழுதி அனுப்பினார்.

மறுபடியும் போன். "சார், என்னது ஐபோன். நீங்க சொல்ற மெனுவே இதுல இல்ல."

அவரிடம் இருந்த நோட்டில் ஐபோன் கிடையாது. பேட்டையில் யாரும் வைத்திருக்கவில்லை. "அதுக்கு வேற வழி இருக்கும் மேடம், பாத்துச் சொல்றேன்."

"இல்ல சார், ஹோட்டல்காரங்க கிட்ட நான் இத சொல்லல. அடியில பேரு இருந்தா ஒத்துக்குவாங்களா, அதுவும் திறக்காத பேரு... வியாழக்கிழமை நானே நேர்ல வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

பாத்துட்டுச் சொல்றேன் என்பது சரக்கை எடுப்பவர் பேச்சு இல்லை. சந்திரலேகா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி குழம்பில் உப்பு இல்லை. விமல்ராஜ் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். வியாழக்கிழமை காலையில் அறுபத்து மூன்று பேரையும் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது. ஆதிலட்சுமி பேட்டைக்குள் நுழைந்து யார் போனை வாங்கிப் பார்த்தாலும் மூன்று விளக்கு வரும். திறக்காத பேர் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? புதன்கிழமை முழுக்க எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் சாய்வுக் கோடு போட மறக்க வேண்டாம் என்பதையும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ராஜாம்பாள் கடைக்குப் போனபோது அங்கே ஒரு கூட்டம் போனை வைத்துக்கொண்டு நின்றது. தன் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. டீ குடித்தவர்களால் போனில் பணம் அனுப்ப முடியவில்லை. வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் சிம்மைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பக்கத்துத் தெரு கடைக்குப் போய்ப் புதிதாக ரீசார்ஜ் செய்துவிட்டு வந்திருந்தார். அப்படியும் வரவில்லை.

"டவரு படுத்துடுச்சு" என்றார் டெம்போ டிரைவர்.

"போன் பேச முடியுதே? டவரு படுத்தா பேச்சு மட்டும் எப்புடி வரும்?" என்றார் கோவிந்தசாமி. "எங்க வூட்ல எம்பொண்டாட்டி போன்ல எல்லாம் வருது. அவ பாட்டுக்கு ரீல்ஸ் பாக்குறா. எனக்கும் மச்சானுக்கும்தான் வரல."

விமல்ராஜ் தன் போனைத் திறந்தார். பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை என்று ஒரு வரி. புத்தகம் மூடிவிட்டது. இந்தப் புத்தகத்தைத் தவிர வேறு யாரையும் கேட்கக் கூடாது என்று அறுபத்து மூன்று போனுக்கும் அவர்தான் உத்தரவு போட்டிருந்தார். போன்கள் சொன்னபடி கேட்டு வாய்மூடி நின்றன. அவர் டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

ராஜாம்பாள் கரண்டியை வைத்தாள். "காலைல இருந்து எல்லாரும் டீயக் குடிச்சிட்டு போன தடவிக்கினு நிக்கிறீங்க. நாளைக்கே மணவாளநல்லூர் போறேன். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிட்டு வரேன். எவன் இந்த நெட்டப் புடுங்குனானோ அவன் பேரு எனக்குத் தெரியலன்னா என்னா, அவருக்குத் தெரியும்."

கூட்டத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. போலீஸில் புகார் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிக் கட்டினால் கட்டினதுதான். சம்பந்தப்பட்டவன் தானாக வந்து நிற்பான், எழுதியவர் மனம் இரங்கிப் பிராதைத் திரும்ப வாங்கினால்தான் உண்டு. விமல்ராஜ் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"யக்கா. பிராதெல்லாம் வேணாங்கா. நான்தான்."

"நீயா? டவர நீயா புடுங்குன?"

"டவரு இல்லக்கா. அன்னைக்கு பால் பொங்குதுன்னு சொல்லச் சொல்ல ஒண்ணு போட்டு வுட்டேன்ல... அது நின்னுபோச்சு."

கோவிந்தசாமி போனை நீட்டினார். "நாயன்மாருல மொத ஆளு நான். எடுத்து வுடு."

வரிசை நின்றது. விமல்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக வாங்கி, பிரைவேட் டிஎன்எஸ்ஸைப் பழையபடி மாற்றி, நெட் வருகிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நோட்டை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் நேரமும் எழுதினார். அந்த நிலைமையிலும் ஸ்கேலா என்று டிரைவர் கேட்டார். கோடு கோணினால் எந்தப் பெயர் அடித்தது எந்தப் பெயர் அடிக்காதது என்று எப்படித் தெரியும் என்று விமல்ராஜ் திருப்பிக் கேட்டார். வசவுக்குக் குறைவில்லை. நெட் வந்ததும் சிலர் அவருக்கு நன்றி சொன்னார்கள். அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

கடைசியாகத் தன் போனை மாற்றினார். மாற்றிய பிறகுதான் அந்த சர்வர்காரரின் அறிவிப்பைப் படிக்க முடிந்தது. எங்கோ குளிர் நாட்டில் ஒரு மனிதர் ஆறு வருடமாக இலவசமாக நடத்தி வந்தாராம். வீடு மாறுகிறாராம், புது வீட்டில் மெஷினை வைக்க இடமில்லையாம். இத்தனை நாள் ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி. எந்தக் கம்பெனியும் எந்த அரசாங்கமும் பிடுங்க முடியாத டாட் பீங்கானுக்குப் போகும் வழி, இத்தனை நாளும் யாரோ ஒருவர் வீட்டு மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பட்டறைக்குத் திரும்பும்போது மணி பத்தரை. பதினொன்றுக்கு ஆதிலட்சுமி வருகிறார். சந்திரலேகா ஒரு விளக்கைக் கவிழ்த்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு பெயர்ந்ததே தவிர எழுத்து அப்படியே இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"இப்ப ஒலகத்துல எத்தினி போன்ல தொறக்குது?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுலயும் இல்ல."

"அவங்க கிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"வேற சர்வரு தேடிக்கினு இருக்கேன்னு..."

"வேணாம். நடந்தத சொல்லுங்க. நான் சொன்னா கோவத்துல வேற மாதிரி வந்துரும், அதனால நீங்களே சொல்லுங்க."

அச்சு ஊற்றும் பெண்கள் ஆறு பேரும் உள்ளே வேலை செய்வது போலச் சத்தம் மட்டும் வந்தது.

ஆதிலட்சுமி காரை விட்டு இறங்கி, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பெட்டிகளிடம் போனார். வைக்கோலிலிருந்து ஒரு விளக்கை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பி, மேல்பூச்சின் பளபளப்பைப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். பலகையில் வைத்து ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு கவிழ்த்தார்.

விமல்ராஜ் சொல்ல ஆரம்பித்தார். வீடியோவில் ஆரம்பித்து, முகவரிப் புத்தகம், உறை போட்ட கடிதம், அறுபத்து மூன்று போன், ராஜாம்பாள் பிராது, குளிர் நாட்டுக்காரர் வீடு மாறியது வரை ஒன்றையும் விடவில்லை. எங்கே தப்பு நடந்தது என்பதைத் தேதியோடு சொன்னார். நடுவில் சந்திரலேகா இரண்டு முறை இருமினாள்.

"அப்ப இது இப்ப எங்கயும் திறக்காது?"

"திறக்காதுங்க மேடம்."

"இனிமே?"

"வேற ஒருத்தர் சர்வரு நடத்துனா திறக்கும். ஆனா ஒவ்வொருத்தர் போன்லயும் போயி..."

"வேணாம் சார், வேணாம்." ஆதிலட்சுமி விளக்கைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "கடைசில ஒரு கோடு இருக்கே, அது டிசைனா?"

"அது போட்டாத்தான் மேடம், தேடப் போவாம நேரா திறக்கும்."

ஆதிலட்சுமி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "விளக்க யாரு சார் திருப்பிப் பாக்கப் போறாங்க? எண்ணெய் கொட்டிடும்." காரிலிருந்து ஒரு பையை எடுத்துவரச் சொன்னார். அதில் வட்ட ஸ்டிக்கர்கள், கட்டுக் கட்டாக. ஹோட்டல் பெயர் பொன் நிறத்தில் அச்சடித்திருந்தது. "நேத்துதான் அனுப்பினாங்க. எல்லாத்துலயும் அடியில இத ஒட்டணுமாம். இது பெருசா இருக்குமா உங்க எழுத்த விட?"

விமல்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஸ்டிக்கரின் குறுக்கே வைத்தார்.

"இது முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் மேடம். நம்மது முப்பத்தொண்ணு." ஸ்கேலைத் திரும்பப் பையில் வைத்தார். "நடுவுல வச்சு ஒட்டுனா ஒரு எழுத்து கூட தெரியாது."

"அப்ப பிரச்சினையே இல்ல. எங்க கடையில ஆளு கம்மி. இங்கயே ஒட்டிக் குடுத்துருங்க, சாயங்காலம் டெம்போல ஏத்திடலாம். தைக்கு இன்னொரு ரெண்டாயிரம் சொல்றேன். அடியில மட்டும் ஒண்ணும் குத்தாதீங்க, சரியா?"

உள்ளே கூழ் கலக்கும் வாளி ஒன்று டங்கென்று கீழே வைக்கப்பட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். சந்திரலேகா முதல் தடவையாக ஆதிலட்சுமியிடம் மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அதில் விமல்ராஜால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு பெண்களும் பொங்கல் வரை வேலைக்கு வருவார்கள், தைக்கு அடுத்தது இருக்கிறது. ஆனாலும் திட்டு வாங்குவதற்குத் தயாராக நின்ற மனிதரிடம், அந்த எழுத்தை யாரும் படிக்கவே போவதில்லை என்று சிரித்தபடி சொன்னால், அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவர் தரையில் கோணிப்பை விரித்து உட்கார்ந்தார். ஸ்டிக்கர் கட்டைப் பிரித்தார்.

அவரையும் மனைவியையும் சேர்த்து எட்டுப் பேர் ஒட்டினார்கள். அன்புக்கரசிக்குக் கை வேகம். எடுப்பாள், கவிழ்ப்பாள், ஒட்டுவாள், வைப்பாள். அவள் ஒட்டிய வரிசையிலிருந்து விமல்ராஜ் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஹோட்டல் பெயர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு தெரிந்தது. நகத்தால் மெல்ல உரித்து, மறுபடி நடுவில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"ஏங்க, மறைக்கிறதுக்கு ஒட்டுறோம். இதுல நேரு என்னா, கோணலு என்னா?" என்றாள் சந்திரலேகா.

"அவங்க பேரு இருக்குதுல்ல லேகா. கோணலா போனா நம்ம பட்டறைய சொல்லுவாங்க."

"அதான் யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்களே."

அவர் அன்புக்கரசியின் வரிசையில் இன்னும் பதினான்கு உரித்து ஒட்டினார். அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டு, அதன் பிறகு மெதுவாக ஒட்டினாள்.

ஐந்தரைக்கு டெம்போ வந்து ஹாரன் அடித்தது. கடைசிப் பெட்டியில் கடைசி விளக்கு மட்டும் பாக்கி. விமல்ராஜ் அதைப் பலகையில் வைத்து, விரலால் ஒரு பக்கம் தட்டிப் பார்த்தார். ஸ்டிக்கரின் கனத்தில் மயிரிழை ஆடுமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆடவில்லை. வைக்கோலில் படுக்க வைத்துப் பெட்டியை மூடினார்.